குழந்தை ஓடியாடுவதை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது? 3 முதல் 5 வயது வரை: கடலூர், புதுச்சேரி பெற்றோருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் கேள்வி-பதில்

பால்வாடி, எல்கேஜி, யுகேஜி வயதுக் குழந்தைகளைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வெயிலும் மழையும் கடலும் தெரிந்தவர்களுக்காக எழுதியது. அதனால் பொதுப்படையான அறிவுரைகளைக் குறைத்துக்கொண்டோம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும்?

5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி 3, 4 வயதில் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலியக்கம் வேண்டும். அதற்குள் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும். மீதி 120 நிமிடம் எதுவாகவும் இருக்கலாம்: நடப்பது, படி ஏறி இறங்குவது, மண் தோண்டுவது, வாளியில் தண்ணீர் மொண்டு செடிக்கு ஊற்றுவது. ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தாலும் கூட்டிக்கொள்ளலாம். ஒரே இருப்பில் 1 மணி நேரத்துக்கு மேல் உட்கார்த்தி வைக்கக் கூடாது. டிவி, போன் எல்லாம் சேர்த்து 1 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். தூக்கம், பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம்.

5 வயது ஆனதும் கணக்கு மாறுகிறது. அப்போது மூச்சு வாங்கும் இயக்கம் மட்டும் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம்.

எங்கள் பையன் எந்நேரமும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறான். அவனுக்கு 180 நிமிடம் தேறாதா?

தேறலாம், தேறாமலும் போகலாம். இந்த வயதுக் குழந்தைகள் பெரியவர்களைப் போல அரை மணி நேரம் விடாமல் ஓடுவதில்லை. சில விநாடி பாய்வார்கள், நிற்பார்கள், உட்கார்ந்து எறும்பைப் பார்ப்பார்கள், மறுபடி பாய்வார்கள். அந்தப் பாய்ச்சல்தான் நம் கண்ணில் படுகிறது. நடுவில் உட்கார்ந்த நேரம் படுவதில்லை. அதனால்தான் பெரும்பாலான பெற்றோர் தங்கள் பிள்ளை ஓடும் நேரத்தைக் கூட்டியே சொல்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் காகிதமும் பேனாவும் போதும். 10 நிமிடம் ஓரமாக நின்று, நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் நிமிர்ந்து பாருங்கள். அந்த நொடியில் குழந்தை உட்கார்ந்தோ நின்றோ இருந்தால் "உ", நடந்துகொண்டிருந்தால் "ந", ஓடியோ குதித்தோ ஏறியோ கொண்டிருந்தால் "ஓ". காலையில் ஒரு முறை, பள்ளி விட்டு வந்தபின் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை எடுத்தால் 30 குறிகள் கிடைக்கும். "உ" எந்த வேளையில் குவிகிறது என்று பாருங்கள். மாற்ற வேண்டியது அந்த வேளையைத்தான். நீங்கள் கவனிப்பது தெரிந்தால் பிள்ளை உங்களுக்காகவே ஓடிக் காட்டும், ஆகவே தெரியாமல் எடுங்கள்.

மூச்சு வாங்குகிறதா என்பதை அறியப் பேச்சுக் கொடுத்தால் போதும். முழு வாக்கியம் சொல்ல முடியாமல் இரண்டு மூன்று சொல்லாக உடைத்துச் சொன்னால் அது 60 நிமிடக் கணக்கில் சேரும்.

சில குழந்தைகள் பிறவியிலேயே மந்தம், சில குழந்தைகள் சுட்டி என்பது உண்மைதானே?

குணத்தில் வேறுபாடு உண்டு. ஆனால் "எங்க புள்ள உக்காந்த இடத்த விட்டு எழுந்திரிக்காது" என்று சொல்லப்படும் பிள்ளையைத் தேவனாம்பட்டினம் மணலில் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். அதே பிள்ளை, வேறு கால்.

குழந்தையின் ஓட்டத்தைத் தீர்மானிப்பவற்றில் முதலிடம் வீட்டுக்கு வெளியே இருக்கும் நேரத்துக்குத்தான். கூரைக்கு வெளியே வந்தாலே யாரும் சொல்லாமல் அசைவு கூடிவிடுகிறது. அடுத்து, கூட ஓட ஆள். அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாரும் இல்லாத ஒற்றைப் பிள்ளைக்கு அப்பா அம்மாதான் ஆள். மூன்றாவது இடநெருக்கம்: அதே முற்றத்தில் 30 பேரை ஒன்றாக விடுவதைவிட 15 பேராக இரண்டு முறை விட்டால் ஒவ்வொரு குழந்தையும் கூடுதலாக ஓடும். நான்காவது, கையில் எடுத்து ஓடக்கூடிய பொருள்கள். ஐந்தாவது, கால் கைத் திறன். எறியவும் பிடிக்கவும் நொண்டவும் தெரியாத குழந்தை ஆட்டத்திலிருந்து மெல்ல ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்கினால் பழக்கம் வராது, பழகாததால் மேலும் ஒதுங்கும். மந்தம் என்று நாம் பேர் வைப்பது பல நேரம் இந்தச் சுழலுக்குத்தான்.

பெரியவர்களின் வாயும் இதில் சேர்த்தி. "ஓடாத", "இறங்காத", "அழுக்காவும்" என்ற மூன்றையும் ஒரு மாலையில் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் எப்படி வெளியே விடுவது?

நேரத்தை மாற்றித்தான். காலை 6.30 முதல் 8.30 வரை ஒரு முறை, மாலை 4.30-க்கு மேல் ஒரு முறை. கடலோரத்தில் பகலில் கடற்காற்று இறங்கும் நாளும் உண்டு, மேல்காற்று பலமாக அடித்து அது தாமதமாகும் நாளும் உண்டு. தாமதமாகும் நாளில் 4 மணிக்கும் அனலாக இருக்கும். கடிகாரத்தை நம்பாமல் வாசலில் 5 நிமிடம் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கத்திரியில் 11 முதல் 3.30 வரை வெளி விளையாட்டு வேண்டாம்.

சிறு குழந்தையின் உடல், எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம் உள்ளது. வெளிச் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்ளும், வியர்ப்பதோ பெரியவர்களைவிடக் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் வருகிற வியர்வையும் காய்வதில்லை. ஆகவே 15–20 நிமிடத்துக்கு ஒரு முறை எல்லோரையும் கூப்பிட்டுச் சில மிடறு தண்ணீர் கொடுங்கள். "தாகமா?" என்று கேட்டால் ஆட்டம் போய்விடும் என்ற பயத்தில் இல்லை என்றுதான் சொல்லும். வீட்டில் உப்பிட்ட நீர்மோர் இருந்தால் நல்லது. முகம் சிவந்து, பேச்சுக் குறைந்து, தலைவலி, குமட்டல் என்றால் நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். குழறினாலோ மயங்கினாலோ குளிர்விப்பதை நிறுத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தகரச் சறுக்குமரம், ரப்பர் தரை, செயற்கைப் புல் மூன்றும் காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும். புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் குழந்தையின் தொடை நிச்சயம் தாங்காது.

நிழல்தான் நிரந்தர வழி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது இந்தப் பக்கத்தில் பள்ளி வளாகங்களின் பெரிய மரங்களும் விழுந்தன. புதிதாக வைப்பதானால் புங்கன், வேம்பு, பூவரசு நல்லவை. முருங்கை சிறு காற்றுக்கே முறியும். தென்னை நிழலில் காய் விழும், விளையாடுமிடத்தின் மேல் இரண்டும் வேண்டாம். மரம் வளரும்வரை நாற்றங்காலுக்குக் கட்டும் பச்சை நிழல்வலையைக் கட்டலாம். முற்றத்தின் மேற்குப் பக்கம், தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கட்டினால் மாலை வெயில் மறையும். அக்டோபர் பிறக்குமுன் அவிழ்த்துவிடுங்கள். காற்றில் கிழிந்த வலையைவிட, அது பிடுங்கிக்கொண்டு போகும் கம்பம் ஆபத்து.

மழைக்காலத்தில்?

தூறலில் நனைவதால் மட்டும் சளி பிடிப்பதில்லை. சளியைத் தருவது கிருமி, அதுவும் மூடிய அறையில் நெருக்கி உட்காரும்போதுதான் எளிதாகப் பரவுகிறது. பயப்பட வேண்டியவை வேறு: இடி மின்னல், தேங்கிய தண்ணீர், அறுந்து கிடக்கும் மின்கம்பி, திறந்த சாக்கடை. தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் வரும். நீருக்கடியில் பள்ளம் தெரியாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருக்கள் எப்படிக் கிடந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட வாரங்களில் வீட்டுக்குள்தான் வழி தேட வேண்டும்.

மழை விட்ட இடைவெளியில் 15 நிமிடம் கிடைத்தாலும் அதை விடாதீர்கள். மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருந்தால் ஆசிரியர்களும் தயங்க மாட்டார்கள். "தரை ஈரம்" என்று மூன்று மாதத்தையும் எழுதி வைத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய இழப்பு.

அங்கன்வாடிக்கு ஒரே அறை. மைதானமே கிடையாது. என்ன செய்ய முடியும்?

12-க்கு 15 அடி அறை, 20 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துங்கள். நாற்காலி, எடை பார்க்கும் கருவி, அரிசி மூட்டை எல்லாம் ஒரே மூலைக்குப் போகட்டும். சமையல் அதே அறையில் நடந்தால் அடுப்பு எரியும் நேரத்தில் இது வேண்டாம்.

தரையில் சுண்ணக்கட்டியால் நடுக்கோடு ஒன்று. 10 பேர் கோட்டுக்கு இந்தப் பக்கம் தவளையாய்க் குதிக்க, நண்டாய் நகர, யானையாய் நடக்க, மீதி 10 பேர் சுவரில் சாய்ந்து நின்று கைதட்டிப் பாடட்டும். 5 நிமிடத்தில் பக்கம் மாற்றுங்கள். ஒரு சுற்று 10 நிமிடம். காலை வந்ததும் ஒன்று, சத்துமாவு உருண்டைக்கு முன் ஒன்று, பகல் தூக்கம் எழுந்ததும் ஒன்று என 3 சுற்று நடந்தால் ஆளுக்கு 15 நிமிடம் தேறும். இது 60-க்கு ஈடாகாது. ஆனால் சுழியத்தைவிட எவ்வளவோ மேல், பிறகு எழுத்துப் பயிற்சியில் கவனமும் நிற்கும்.

மீதியைத் தேடி வெளியே போகத்தான் வேண்டும். கோயில் பிராகாரம், சமுதாயக் கூடம், ஊராட்சிப் பள்ளி மைதானம் என ஏதாவது ஒன்று 200 மீட்டருக்குள் இருக்கும். பள்ளித் தலைமையாசிரியரிடம் வாரத்துக்கு 3 நாள், அரை மணி நேரம் என்று நாளும் நேரமும் குறித்துக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். கூட்டிப் போக 20 அடி தேங்காய்நார்க் கயிறு, ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு குழந்தை, இடமும் வலமுமாக மாற்றி மாற்றி. ஒரு கயிற்றில் 12 பேருக்கு மேல் வேண்டாம், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பணியாளரும் உதவியாளரும் மட்டும் உள்ள இடத்தில் ஒரு தாயையாவது அன்றைக்குத் துணைக்குக் கூப்பிட வேண்டும், மிச்சப் பிள்ளைகளோடு மையத்தில் ஒருவர் இருக்க வேண்டுமே.

நன்கொடை வந்திருக்கிறது. சறுக்குமரமும் ஊஞ்சலும் வாங்கலாமா?

எல்லாப் பணத்தையும் அதில் போடாதீர்கள். ஒரு சறுக்குமரத்தில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் இறங்கும், 24 பேர் வரிசையில் நிற்பார்கள். நன்கொடையாளர் பெயரை எழுத அதில் இடம் உண்டு, பந்தில் இல்லை. அது வேறு விஷயம். அதே பணத்தில் இரண்டு குழந்தைக்கு ஒரு பந்து, ஆளுக்கொரு வளையம், துணிப் பொட்டலங்கள், இழுத்து ஓடும் வண்டி, பழைய டயர் வாங்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். பனங்காயும் குச்சியும் சேர்த்த நுங்கு வண்டிக்குச் செலவே இல்லை.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் சில அளவுகள்:

மேடை 4 அடிக்கு மேல் உயரம் வேண்டாம். 4 அடியிலிருந்து விழுந்தால் தாங்க, அமுங்கி இறுகிய பிறகும் 9 அங்குல மணல் நிற்க வேண்டும்; ஆகவே 12 அங்குலம் கொட்டுங்கள். சுற்றிலும் 6 அடிக்கு மணல் பரவியிருக்கட்டும். மழை பெய்து வெயிலடித்தால் மணல் தரைபோல் கெட்டியாகிவிடும், வாரத்துக்கு இரண்டு முறை மண்வெட்டியால் கிளறி விடுங்கள். கடற்கரை மணலைக் கொட்டாதீர்கள், உப்பு இரும்புக் காலை அடியிலேயே தின்றுவிடும். துரு வெளியே தெரியாமல் மணலுக்குள் நடக்கும் என்பதால் மாதம் ஒரு முறை அடியைத் தோண்டிப் பாருங்கள். இரவில் பூனை, நாய் அசிங்கம் செய்யாமல் வலை போட்டு மூடுங்கள்.

டயரில் மழைநீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். தரையைத் தொடும் பக்கத்தில் அரை அங்குலத் துளை 4 போடுங்கள்.

சறுக்குமரம் ஏறும்முன் கழுத்தில் தொங்கும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்: அடையாள அட்டைக் கயிறு, குறுக்கே மாட்டிய தண்ணீர் பாட்டில் வார், தாயத்துக் கயிறு. மேலே கொக்கியில் மாட்டி உடல் கீழே சறுக்கினால் கழுத்தை இறுக்கிவிடும்.

எந்த விளையாட்டு நல்லது? நம் பழைய ஆட்டங்கள் போதுமா?

போதும், ஆனால் சிலவற்றைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது ஒரே கேள்வி: இதில் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள்? குலை குலையா முந்திரிக்காயில் 20 பேர் வட்டமாக உட்கார்ந்து, இருவர் மட்டும் ஓடுகிறார்கள். அதையே 6, 7 பேர் வட்டம் மூன்றாகப் பிரித்தால் முறை சீக்கிரம் சீக்கிரமாக வரும். கல்லா மண்ணாவில் எல்லோரும் ஓடியே ஆக வேண்டும், அது சிறந்த ஆட்டம். ஓடிப்பிடிச்சில் ஒருவரே துரத்துவதற்குப் பதில் மூவர் துரத்தட்டும். ரயில் வண்டி 3 வயதுக்கும் பிடிபடும். பச்சைக்குதிரை இந்த வயதுக்கு வேண்டாம், கழுத்தில் விழுவார்கள்.

"அவுட்" ஆனால் வெளியே உட்கார் என்ற விதியை இந்த வயதுக்கு எடுத்துவிடுங்கள். முதலில் அவுட் ஆவது ஓடத் தெரியாத குழந்தை. அதாவது யாருக்குப் பழக்கம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளையை முதல் ஆளாக உட்கார வைக்கிறோம். அவுட் ஆனால் 5 தவளைக் குதி போட்டுவிட்டு மறுபடி ஆட்டத்துக்குள் வரலாம் என்று மாற்றினால் யாரும் வருந்துவதில்லை.

பலூன் வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் அடைக்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கி மேலே துணி சுற்றிக் கட்டினால் நல்ல பந்து.

வெளியே விட்டதும் முதல் 10–15 நிமிடம்தான் ஓட்டம் உச்சத்தில் இருக்கும், பிறகு தணியும். ஒரே தடவை 40 நிமிடம் விடுவதைவிட 20 நிமிடமாக இரண்டு முறை விடுவது அதனால்தான் பயன் தருகிறது. ஆசிரியர் முதல் 5 நிமிடம் தானும் சேர்ந்து ஓடி ஆட்டத்தைத் தொடங்கிவைத்துவிட்டு, மீதியை அவர்கள் போக்கில் விடலாம்.

பெண் குழந்தைகள் குறைவாக ஓடுகிறார்களா?

ஆம், பல நாடுகளிலும் பாலர் வயதிலேயே சராசரியில் அந்த வித்தியாசம் தெரிகிறது. நம் ஊரில் அதற்குக் காரணம் தேடித் தொலைவு போக வேண்டாம். தொடைவரை ஏறும் ஃபிராக் போட்டுவிட்டு "காலை ஒழுங்கா வச்சு உக்காரு" என்கிறோம். கொலுசும் வளையலும் நழுவும் செருப்பும் போட்டு அனுப்புகிறோம். வெயிலில் நின்றால் கறுத்துவிடும் என்று உள்ளே கூப்பிடுகிறோம். பையன் மரமேறினால் "வாலு", பெண் ஏறினால் "அடக்கம் இல்ல".

உள்ளே அரைக்கால் சட்டை, பின்வார் வைத்த செருப்பு, தலையை இறுகப் பின்னிய சடை. இந்த மூன்றுக்கும் மாறினாலே பாதி தடை போய்விடும். பந்தும் வளையமும் பையன்கள் கையிலேயே தங்கிவிடுகிறதா என்று ஆசிரியர் கவனித்து, முதலில் பெண் குழந்தைகள் கையில் கொடுக்கலாம்.

வீட்டில் ஆயா, தாத்தாதான் பார்த்துக்கொள்கிறார்கள். கீழே இறக்கவே விடுவதில்லை.

அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. 65 வயது முழங்காலால் 4 வயதுப் பிள்ளையைத் துரத்திப் பிடிக்க முடியாது. தெருவில் பைக் வருகிறது, பிள்ளை விழுந்தால் மாலையில் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். "விளையாட விடுங்க" என்று சொல்வதால் இவற்றில் எதுவும் தீராது.

ஓடித் துரத்தத் தேவையில்லாத இடத்தை ஏற்பாடு செய்து கொடுங்கள். கைப்பிடிச் சுவர் 4 அடிக்கு மேல் உயர்ந்த மொட்டை மாடி (தொட்டி மூடியிருக்க வேண்டும், சுவரோரம் ஏறி நிற்க ஸ்டூல், பூந்தொட்டி எதுவும் கூடாது), கேட் பூட்டிய வாசல், பக்கத்து வீட்டோடு பொதுவான முற்றம். ஆயா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே நடத்தக்கூடிய ஆட்டங்களும் உண்டு: "அந்தச் செடியைத் தொட்டுட்டு வா, பத்து எண்றேன்", துணிப் பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்வது, காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்வது. "விழுந்தால் உங்களைக் கேட்க மாட்டோம்" என்று மகனும் மகளும் வாய்திறந்து ஒரு முறை சொல்லிவிடுவது இவை எல்லாவற்றையும்விட வேலை செய்யும். முழங்கால் சிராய்ப்பு இந்த வயதில் இயல்பு.

சாப்பிட போன் காட்ட வேண்டியிருக்கிறது.

2 முதல் 5 வயதுக்கு ஒரு நாளைக்கு 1 மணி நேரம்தான் வரம்பு என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது. மூன்று வேளைச் சாப்பாடும் வேளைக்கு 30 நிமிடம் போனோடு நடந்தால் அங்கேயே 90 நிமிடம் போய்விட்டது. முதலில் ஒரு வேளையை மட்டும் எடுங்கள், மாலைப் பலகாரம் எளிது. அதற்கு முன் 30 நிமிடம் வெளியே ஓடவிட்டால் பசியோடு வரும், போன் இல்லாமலே தட்டு காலியாகும். இரவுச் சாப்பாட்டைக் கடைசியில் மாற்றுங்கள். டிவி தொடர் முடியும்வரை விழித்திருந்து 10.30-க்குத் தூங்கும் பிள்ளை, 7 மணிக்கு எழுப்பினால் மறுநாள் முழுக்கச் சோர்ந்துதான் இருக்கும்.

எல்கேஜியில் எழுத்துவேலைதான் அதிகம். பள்ளியிடம் என்ன கேட்கலாம்?

மூன்று கேள்விகள் போதும். ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை நிமிடம் வெளியே விடுகிறீர்கள்? அந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகள் ஒன்றாக இருப்பார்கள்? எழுத்து முடிக்காத பிள்ளைக்கு விளையாட்டு நேரத்தை நிறுத்துகிறீர்களா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்றால் அதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள், உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளையைத்தான் அது மேலும் உட்கார வைக்கிறது. தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதும் அதே அளவு தவறு. ஓட்டமே தண்டனை என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

வேனையும் கணக்கில் சேருங்கள். நெல்லிக்குப்பம் பக்கமிருந்து கடலூருக்கோ, பாகூரிலிருந்து புதுச்சேரிக்கோ ஊர் ஊராகச் சுற்றி வரும் வேனில் போக வரச் சேர்ந்தே பிள்ளையின் ஓடும் நேரம் கரைந்துவிடும். 5 வயதுவரை வீட்டுப் பக்கத்துப் பால்வாடியோ சிறு பள்ளியோ போதும் என்பது எங்கள் கருத்து. நடந்து போகிற தூரமே ஒரு உடற்பயிற்சிதான்.

கொஞ்சம் ஓடினாலே களைத்து உட்கார்ந்துவிடுகிறது. ஏன்?

முதலில் ரத்தசோகையை நினைக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் தமிழ்நாட்டில் 57.4 சதவீதமும் நாட்டளவில் 67.1 சதவீதமும் ரத்தசோகை உள்ளவர்கள். கீழிமை வெளுப்பு, மண் தின்பது, எரிச்சல், படி ஏறினால் மூச்சு வாங்குவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 5 வயதுவரை வாரத்துக்கு இரண்டு முறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் (20 மி.கி. இரும்பு) அரசுத் திட்டத்தில் கிடைக்கிறது. மலம் கறுப்பாகப் போகும், அது பயப்பட வேண்டியதல்ல. அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். பாட்டில் பிள்ளை கைக்கு எட்டவே கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை, 2 வயதுக்கு மேல் அல்பெண்டசோல் 400 மி.கி.

ஓடியபின் விடாத வறட்டு இருமலோ, நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால் ஆஸ்துமா இருக்கலாம். சிப்காட் பக்கம், செங்கல் சூளைப் பக்கம், லாரி ஓடும் மண்சாலை ஓரம் வசிப்போர் புகையும் நெடியும் இருக்கும் வேளையில் உள்ளேயே ஆடவிடுங்கள். மருந்தோடு ஆஸ்துமா குழந்தையும் எல்லோரையும் போல ஓடலாம். ஓடும்போது உதடு நீலம் பாய்ந்தாலோ மயங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒல்லியாக இருக்கிறது. ஓடினால் இன்னும் இளைத்துவிடாதா?

இல்லை. ஓட்டம் பசியைத் தூண்டும், தசையும் எலும்பும் அதனால்தான் வலுக்கும். எடை-உயரக் கணக்கில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்று அங்கன்வாடியில் சொன்ன குழந்தைக்கு மட்டும் முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகு விளையாட்டு.

ஸ்கேட்டிங், கராத்தே வகுப்பில் சேர்த்தால் போதுமா?

ஒரு வகுப்பு முழுக்க நின்று, உங்கள் பிள்ளை உண்மையில் அசைந்த நிமிடங்களை மட்டும் போன் கடிகாரத்தில் எண்ணிப் பாருங்கள். வரிசையில் காத்திருந்த நேரம்தான் பெரும்பாலும் அதிகமாக வரும். 6 வயதுக்குள் பணம் கட்டி வகுப்பு தேவையில்லை. டிராம்போலினும் 6 வயதுவரை வேண்டாம், எலும்பு முறிவு அதில் அதிகம்.

எங்கே கூட்டிப் போகலாம்?

கடலூரில் வெள்ளிக் கடற்கரையின் அகலமான மணலுக்கு ஈடில்லை. தளர்ந்த மணலில் ஓடுவது தரையைவிடக் கடினம், 20 நிமிடத்திலேயே நன்றாக மூச்சு வாங்கும். தண்ணீரிலிருந்து 30 அடி தள்ளி ஒரு கோடு கிழித்து அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள், நீங்கள் கடல் பக்கம் நில்லுங்கள். அலை கணுக்காலளவு இருந்தாலும் திரும்பும்போது இழுக்கும். நகருக்குள் மஞ்சக்குப்பம் மைதானம் காலையில் நல்லது. புதுச்சேரியில் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வாகனம் விடுவதில்லை. மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிப் பழக இதைவிடப் பாதுகாப்பான சாலை இல்லை. கருங்கல் குவியலில் மட்டும் ஏறவிடாதீர்கள், பாசி வழுக்கும். பாரதி பூங்காவிலும் தாவரவியல் பூங்காவிலும் நிழல் உண்டு. லாஸ்பேட்டைப் பக்கம் இருப்போருக்கு ஹெலிபேடு மைதானம் இருக்கிறது.

மீனவக் குப்பங்களில் பிள்ளைகள் ஏற்கனவே நாள் முழுக்க மணலில்தான். அவர்களுக்கு ஓட்டம் பற்றிய அறிவுரை தேவையில்லை. வலை, தூண்டில் முள், படகு இழுக்கும் டிராக்டர் ஆகியவற்றிலிருந்து தள்ளியிருக்கும் இடம்தான் தேவை.

தெருநாய்?

விளையாடும் இடத்தில் சாப்பாடு கொட்டாதீர்கள், நாய் வந்தால் ஓடாமல் கையைக் கட்டி அசையாமல் நிற்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவக் கூடாது.

மாற்றுத்திறன் குழந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா? எப்போது பரிசோதிக்க வேண்டும்?

முடிந்த அளவுக்கு அதே கணக்குதான், ஆட்டத்தை அவர்களுக்கேற்ப மாற்ற வேண்டும். நடக்க முடியாத குழந்தை உட்கார்ந்தபடி பந்து உருட்டலாம், மணலில் தவழலாம், கயிற்றைப் பிடித்து இழுக்கலாம். பார்வை குறைந்த குழந்தைக்குச் சலங்கை தைத்த பந்து. "பாவம், நீ உக்காந்து பாரு" என்பதைத் தவிர எல்லாம் செய்யலாம்.

3 வயதில் ஓடவோ இரு காலும் சேர்த்துக் குதிக்கவோ முடியாமை, 4 வயதில் கைப்பிடித்தும் மாற்றுக்கால் வைத்துப் படி ஏற முடியாமை, 5 வயதில் ஒற்றைக்காலில் சில விநாடி நிற்க முடியாமை, தரையிலிருந்து எழத் தொடையில் கையூன்றி ஏறுவது, நேற்றுவரை செய்ததை இன்று செய்யாமல் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அவர்கள் வரும் தேதி அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். தேதி தள்ளியிருந்தால் அதுவரை பொறுக்காமல் நேரே அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். போகும்போது பிள்ளை எழுவதையும் படி ஏறுவதையும் போனில் ஒரு நிமிடம் படம் எடுத்துக்கொண்டு போங்கள், புது இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் மருத்துவர் முன் அசையவே அசையாது.